ஸ்டார்ட் பட்டன் இல்லாத ரிமோட்

2009 தீபாவளி முடிந்த வாரம் பெங்களூரிலிருந்து என் தம்பி போன் பண்ணினான். சாப்பிட்டாச்சா, பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"யக்கா, நம்ம பழைய வீடியோ கேம் பெட்டி இருக்குல்ல? அந்த டாங்கி கேசட்டு?"

"இருக்கு. என்னத்துக்கு?"

"ஆபீஸ்ல எல்லாரும் இப்ப அதத்தாம்க்கா ஆடுறோம். கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருக்கோம். எம்புட்டு வருசம் ஆச்சு, இன்னைக்கும் அப்படியே நிக்குது பாரு. கிளாசிக்குக்கா. இப்பத்தான் அதோட அருமையே தெரியுது."

கிளாசிக்காம். அருமை தெரிகிறதாம். நான் போனைக் காதில் வைத்தபடி டிவியைப் பார்த்தேன். அதில் என் மஞ்சள் டாங்கி நின்றுகொண்டிருந்தது. இவன் போன் வந்ததால்தான் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஆட்டத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.

இவன் மறுபடி கண்டுபிடித்திருக்கிறான். தூக்கிப் போட்டுவிட்டுப் போனவனுக்குத்தான் மறுபடி கண்டுபிடிக்கிற சுகமெல்லாம் கிடைக்கும்.

அந்தப் பெட்டியை வாங்கியது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் ஒருத்தர்தான் படிக்கலாம் என்று ஆனபோது நான் பத்தாவது பாதியில் நின்றேன். அதை முடிவு செய்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் பேசவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் அம்மா என்னைக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டாள். வயது கேட்டால் பதினெட்டு என்று சொல்லச் சொன்னாள். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. தரைச்சக்கரம் சுற்றுகிற வேலை. மருந்து அடைத்த தாள் குழாயைக் கட்டைவிரலால் அழுத்தி வட்டமாகச் சுற்றி, நுனியை ஒட்டிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. சாயங்காலம் கை இரண்டும் அலுமினியப் பவுடரில் வெள்ளி பூசியதுபோல் இருக்கும். சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருப்பது போகாது.

சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டிவி ரிப்பேர்க் கடை இருந்தது. அங்கேதான் அதை முதலில் பார்த்தேன். கடைக்காரரும் இன்னொரு ஆளும் ஸ்டூலில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு பருந்து. மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். அவை அந்தப் பருந்தைச் சுட்டுவிடாமல் நாம் நம் டாங்கியால் காப்பாற்ற வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். நான் ரோட்டில் நின்று பார்த்தேன். என் பஸ் வந்தது, போனது. அடுத்த பஸ்ஸும் போனது. எனக்கு அது வேண்டும் என்று அன்றைக்கே முடிவு பண்ணினேன். தம்பிக்கு என்று இல்லை. எனக்கு.

2000 தீபாவளிக்கு முழு போனஸ் வந்தது. பணத்தை அம்மா கையில் கொடுக்கும்போதே, எனக்கு அந்தப் பெட்டி மட்டும் வேண்டும், சேலை துணி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்குடி அது?" என்றாள் அம்மா. "ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"தம்பிக்குன்னு சொல்லு. அவனும் ஆடுவாம்ல."

அப்பா மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தார். தெருவில் பெட்டியைப் பார்த்துக் கேட்டவர்களிடம், "பயலுக்கு" என்றார். வீடு வந்து சேர்வதற்குள் அது அவன் பெட்டி ஆகிவிட்டது.

பெட்டிக்குள் இரண்டு ரிமோட் இருந்தன. முதல் ரிமோட்டில் இடது பக்கம் நாலு திசைக்குப் போகிற பட்டன், வலது பக்கம் சுடுகிற பட்டன்கள், நடுவில் ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு. இரண்டாவது ரிமோட்டில் அந்த நடுப் பட்டன்கள் கிடையாது. அந்த இடம் வழவழவென்று மொட்டையாக இருக்கும். ஆட்டத்தைத் தொடங்குவதும் நடுவில் நிறுத்துவதும் முதல் ரிமோட் வைத்திருப்பவன் கையில். இரண்டாவது ரிமோட் வைத்திருப்பவர் சுடலாம், ஓடலாம், சாகலாம். தொடங்க முடியாது.

எனக்கு எது கிடைத்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

அவன் மஞ்சள் டாங்கி, நான் பச்சை டாங்கி. வாரத்தில் எனக்குக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமையும், மேகம் மூடிய நாளும்தான். வெயில் இல்லாவிட்டால் சரக்கு காயாது, வேலை கிடையாது. அந்த நாளில் கூலியும் கிடையாது, அம்மா முகம் தொங்கிப்போயிருக்கும். எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு அவன் வருகிறவரை டிவி முன்னால் காத்திருப்பேன். அவன் இல்லாமல் நான் தொட்டால், "அவன் பொருள உடைச்சிராத" என்பாள் அம்மா. அவன் வந்து ஸ்டார்ட் அழுத்துவான். அம்மா பலகாரம் எடுத்து வைத்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தின்னப் போவான். நான் பச்சை டாங்கியோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். சில நாள் அவன் திரும்பியே வர மாட்டான். தெருவில் கிரிக்கெட் ஆடப் போயிருப்பான்.

அந்த ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. நம் குண்டே நம் பருந்தைக் கொல்லும். எதிரி வர வேண்டியதில்லை. அவசரக்காரன் யாராவது கீழே திரும்பிச் சுட்டால் போதும், செங்கல் உடைந்து, அடுத்த குண்டில் பருந்து செத்து, இரண்டு பேருக்கும் சேர்த்து ஆட்டம் முடிந்துவிடும். அவன் அப்படித்தான் சுடுவான்.

"ஏலே, நீதாம்லே சுட்ட! மஞ்ச குண்டு அது!"

"குண்டுல ஏதுக்கா மஞ்சளும் பச்சையும்? எல்லாம் வெள்ளதான். நீதான் அங்கன நின்ன."

"நான் மேல நிக்கேன். கண்ணு அவிஞ்சா போச்சு?"

"யம்மா! அக்கா தோத்துட்டு என்னைத் திட்டுதா!"

அம்மா அடுப்படியிலிருந்தே தீர்ப்புச் சொல்லுவாள். "சின்னப் பயகூட மல்லுக்கு நிக்கியே, வெக்கமா இல்ல?"

பன்னிரண்டாவது கட்டத்தை அவன் தாண்டியதே இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தான். கடைசியில் ஒரு ராஜா டாங்கி வரும், திரை பாதிக்கு இருக்கும், அதைக் கொன்றால் பருந்து பறந்து போகும் என்று கதை கட்டினான். தெருப் பையன்கள் எல்லாரும் அதை நம்பினார்கள். உண்மையைச் சொன்னால், நானும் நம்பினேன்.

2004இல் அவன் இன்ஜினியரிங் படிக்கப் போனான். பெட்டி பரணுக்குப் போனது. அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். வீட்டுக்காரர் பட்டாசு லோடு வண்டி ஓட்டுகிறவர். அதே ஊர், இரண்டு தெரு தள்ளி வீடு. நான் கம்பெனியை விடவில்லை. சக்கரத்திலிருந்து கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிற பகுதிக்கு மாறினேன்.

2006இல் மகள் பிறந்து அம்மா வீட்டில் இருந்தபோது ஒருநாள் தெருவில் பழைய சாமான்காரர் வந்தார். பழைய பிளாஸ்டிக்குக்கு வெங்காயம் கொடுக்கிறவர். அம்மா பரணிலிருந்து உடைந்த வாளி, மக்கு எல்லாம் இறக்கினாள். கூடவே அந்தப் பெட்டியையும் இறக்கித் தராசு பக்கத்தில் வைத்தாள்.

"அத எதுக்கும்மா போடுற?"

"யாரு ஆடப் போறா? எடத்த அடைச்சுக்கிட்டு. ரெண்டு கிலோ வெங்காயம் தாரேங்காக."

நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டே போய்ப் பெட்டியைத் தூக்கி வந்துவிட்டேன். அம்மா, "பிள்ளை பெத்தவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றாள். சாமான்காரர் சிரித்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். 2006இல் அந்தப் பெட்டியின் மதிப்பு இரண்டு கிலோ வெங்காயம்.

என் வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு, ஒரு மேகம் மூடிய நாளில் அதை எடுத்தேன். வீட்டுக்காரர் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். பிள்ளை தொட்டிலில். நான் முதலில் ஜன்னல் கம்பியைத் தொட்டேன். கம்பெனியில் வேலை ரூமுக்குள் போகும்முன் வாசலில் இருக்கிற செம்புத் தகட்டைக் கையால் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் இருக்கிற கரண்ட் பொறி தட்டாமல் இறங்கிவிடும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எத்தனையோ வருஷப் பழக்கம், எதைப் புதிதாகத் தொடப்போனாலும் முதலில் கம்பியைத் தேடும் கை. கேசட்டைப் பெட்டியில் செருகும்முன் எல்லாரும் வாயால் ஊதுவார்கள். நான் ஊத மாட்டேன். தூசியை ஊதக் கூடாது, துணியால் ஒத்தி எடுக்க வேண்டும். அதுவும் கம்பெனிப் பழக்கம்தான். அதனாலோ என்னவோ அந்த கேசட் இத்தனை வருஷம் கழித்தும் முதல் தடவையிலேயே ஓடியது.

முதல் ரிமோட்டைக் கையில் எடுத்தேன். வாங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஸ்டார்ட் பட்டனை நானாக அழுத்தியது அன்றைக்குத்தான். மஞ்சள் டாங்கி வந்து நின்றது.

அதற்குப் பிறகுதான் அந்த ஆட்டம் எவ்வளவு நல்ல ஆட்டம் என்று எனக்குத் தெரிந்தது. தம்பி சொன்ன அருமை எனக்கு 2006லேயே தெரியும். யாரிடம் சொல்வது? பட்டாசுக் கம்பெனியில் பிள்ளைக்காரி ஒருத்தி வீடியோ கேமைப் பற்றிப் பேசினால் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள்.

அந்த கேசட்டின் மேல் ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று ஆறு ஒன்பது போட்டிருக்கும். அத்தனை ஆட்டமாம் உள்ளே. பொறுமையாகப் பார்த்தேன். உண்மையில் இருந்தது பதினாறு. மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு பெயரில். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. லேபிள் ஒட்டியே பிழைக்கிற ஊர் எங்களுடையது. ஒரே வெடிக்கு நாலு கம்பெனி லேபிள் ஒட்டியிருக்கிறேன்.

அந்தப் பதினாறில் பாதி குப்பை. பழசு என்பதாலேயே எல்லாம் நல்லதாகிவிடாது. ஓடிக் குதிக்கிற ஒன்று இருந்தது, குதிக்கும் இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும், ஏமாற்று வேலை. கார் ஓட்டுகிற ஒன்று, ஒரே ரோடு, தூக்கம் வரும். தேறியது இரண்டு. ஒன்று மேலிருந்து கட்டைகள் விழுகிற ஆட்டம். விழுவதைத் திருப்பித் திருப்பி இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். கிஃப்ட் பாக்ஸ் கட்டுகிறவளுக்கு அதைச் சொல்லித் தர வேண்டுமா? பூச்சட்டியை எங்கே நிறுத்துவது, மத்தாப்புப் பெட்டியை எங்கே படுக்கப் போடுவது, மூடி குலுங்காமல் எப்படி மூடுவது என்று நாள் முழுக்க அதே வேலைதான். வீட்டில் வந்தும் அதையே ஆட எனக்குப் பிடிக்கவில்லை. ஆட்டத்தின்மேல் குறை இல்லை, என் பிழைப்பின்மேல்தான் குறை.

இன்னொன்று டாங்கி. ஒரு கட்டத்துக்கு இருபது எதிரி டாங்கிகள். எண்ணிக்கைக் கூலிக்கு வேலை பார்த்த எவளுக்கும் எதைப் பார்த்தாலும் மனசு எண்ணிக்கொண்டே இருக்கும். நானும் எண்ணினேன். சில டாங்கி மட்டும் மினுக்கிக்கொண்டு வரும். அதைச் சுட்டால் ஏதாவது உதவிப் பொருள் கிடைக்கும், மண்வெட்டி எடுத்தால் செங்கல் சுவர் இரும்புச் சுவராக மாறும், கடிகாரம் எடுத்தால் எதிரிகள் எல்லாம் அப்படியே நின்றுவிடும். அது அதிர்ஷ்டத்துக்கு வருவது என்று தம்பி சொல்லுவான். அதிர்ஷ்டம் இல்லை. நாலாவது, பதினொன்றாவது, பதினெட்டாவது. ஒவ்வொரு கட்டத்திலும் அதேதான். இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னை ஏமாற்றாத ஒரு பொருளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கம்பெனி போர்மேனுக்கு ஒரு நாள் ஒரு கணக்கு, மறுநாள் ஒரு கணக்கு. இந்தப் பெட்டிக்கு என்றைக்கும் ஒரே கணக்கு. நீ தோற்றால் நீ செய்த தப்பு. நீ ஜெயித்தால் நீ ஜெயித்தது. யார் மகள், யார் அக்கா என்று அது கேட்காது.

கட்டைவிரலும் சரியாக இருந்தது. சக்கரம் சுற்றிய விரல். மணிக்கணக்காக அழுத்தினாலும் வலிக்காது. கம்பெனி விட்டு வந்து கை கழுவிவிட்டுத்தான் ஆடுவேன். இருந்தும் வருஷம் போகப் போக முதல் ரிமோட்டின் திசைப் பட்டன் மேல் வெள்ளியாக ஒரு கட்டைவிரல் தடம் விழுந்துவிட்டது.

வீட்டுக்காரர் ஆரம்பத்தில் கேலி பண்ணினார். "நீ என்ன சின்னப் புள்ளையா? பொம்ம வச்சு ஆடிக்கிட்டு இருக்க?"

"நீங்க வண்டி ஆபீஸ்ல உக்காந்து சீட்டு ஆடுறீக. நான் ஏதும் கேட்டனா?"

அதற்குப் பிறகு பெட்டிக்கு வயர் அறுந்தபோது அவரேதான் பற்றவைத்துக் கொண்டுவந்தார்.

அந்தப் பெட்டியில் ஆட்டத்தைச் சேமித்து வைக்க முடியாது. கரண்ட் போனால் முதலிலிருந்து. 2008இல் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது. முப்பதாவது கட்டம்வரை போவேன், ஃபேன் நின்றுவிடும். எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. அந்த வருஷம் ஐப்பசி அடைமழையில் கம்பெனி மூன்று நாள் திறக்கவில்லை. மூன்றாவது நாள் மதியம் கரண்ட் போகவில்லை. நான் முப்பத்தைந்தாவது கட்டத்தை முடித்தேன்.

ராஜா டாங்கி வரவில்லை. பருந்து பறக்கவில்லை. திரை ஒருமுறை இருண்டு, கட்டம் ஒன்று என்று வந்தது. முதல் நாள் பார்த்த அதே செங்கல் சுவர், அதே இடம். வருகிற டாங்கிகள் மட்டும் முப்பத்தைந்தில் வந்த அந்தக் கொடூர டாங்கிகள். அவ்வளவுதான். தீபாவளி முடிந்து, லீவு முடிந்து, மறுபடி கம்பெனி வேனில் ஏறுகிற மாதிரி. நான் சிரித்தேன். பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. எட்டு வருஷமாக இல்லாத ஒன்றை நம்பியிருந்திருக்கிறேன். அதையும் அவன்தான் சொல்லியிருக்கிறான்.

இப்போது அந்த போனுக்கு வருகிறேன். "டிசம்பர் லீவுல வாரேங்க்கா. என் ஃபிரண்டு ஒருத்தரும் வாராரு. பெட்டிய எடுத்து வையி" என்று சொல்லி வைத்துவிட்டான்.

வந்தார்கள். கூட வந்தவர் கோயம்புத்தூர்ப் பக்கம், மரியாதையான ஆள். அம்மா, அப்பா, எல்லாரும் என் வீட்டில்தான் அன்றைக்குச் சாப்பாடு. பெட்டி என் வீட்டில்தானே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் தம்பி பெட்டி முன்னால் உட்கார்ந்து வந்தவருக்குக் கதை சொல்ல ஆரம்பித்தான்.

"ஒம்பதாங்கிளாஸ் படிக்கையில எங்கப்பா மதுரையில இருந்து வாங்கிட்டு வந்தாரு. பஸ்ல மடியிலயே வச்சுக் கொண்டாந்தாரு. இத மொத்தமும் முடிச்சவன் இந்தத் தெருவுலயே நான் ஒருத்தந்தான். கடைசியில ஒரு ராஜா டாங்கி வரும் பாருங்க..."

நான் தட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அப்படியே நின்றேன்.

"ஏலே, பெட்டி அப்பா வாங்குனதா?"

"பின்ன?"

"என் போனசுல வாங்குனது. அந்த வருசம் நான் சேல கூட எடுக்கல."

"ஏ புள்ள," என்றாள் அம்மா, "வந்தவுக முன்னாடி என்ன பேச்சு? அப்பாதான மதுரைக்குப் போயி வாங்கியாந்தாரு. அவன் பொருளு அது."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். என் பணத்தைத் துணிப்பையில் வைத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவர் அவர்தான். அவர் பல் குத்திக்கொண்டே, "யாரு வாங்குனா என்னத்தா, எல்லாம் வீட்டுப் பொருளுதான" என்றார்.

வீட்டுப் பொருள். நானும் ஒரு வீட்டுப் பொருள்தான்போல.

எனக்கு வேண்டியது அந்த ஒரு வாக்கியம். அக்கா போனஸில் வாங்கியது என்று அவன் வாயால், அம்மா முன்னால். பெட்டியையே கொடுத்திருப்பேன்.

வந்தவர் சூழ்நிலையைப் புரிந்துகொண்டு, "நீங்க ரெண்டு பேரும் ஆடுங்களேன், நான் பார்க்கிறேன்" என்றார். தம்பி உடனே இரண்டாவது ரிமோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினான். யோசிக்கவே இல்லை. கை தானாக நீண்டது.

"அத நீ வையி," என்றேன். முதல் ரிமோட்டை எடுத்துக்கொண்டேன். ஜன்னல் கம்பியைத் தொட்டேன். அவன் சிரித்தான். "இன்னும் இதெல்லாம் விடலையாக்கா?"

"ராஜா டாங்கி வரும்னியே, காட்டு. உக்காரு."

ஸ்டார்ட் அழுத்தினேன்.

மூன்றாவது கட்டத்தில் அவன் பச்சை டாங்கியைக் கீழே திருப்பினான். எனக்குத் தெரியும் எதற்கென்று. அவன் சுடும் முன்னால் அவனைச் சுட்டேன். கூட்டாளியின் குண்டு பட்டால் சாக மாட்டோம், கொஞ்ச நேரம் அசைய முடியாமல் நிற்போம். அவன் நின்றான்.

"எதுக்குக்கா என்னையச் சுடுற?"

"பருந்துகிட்ட போகாத."

"நான் காவலுக்குல்ல நிக்கேன்!"

"நீ காவலுக்கு நின்ன லெச்சணம் எனக்குத் தெரியும்."

வந்தவர் சிரித்துவிட்டார். நான் எண்ணிக்கொண்டே ஆடினேன். நாலாவது மினுக்கும் என்றேன், மினுக்கியது. பதினொன்று என்றேன், வந்தது. வந்தவர் தரையில் நகர்ந்து டிவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எப்படிங்க தெரியுது? நாங்க ஆபீஸ்ல ரெண்டு மாசமா ஆடுறோம், யாருக்கும் இது தெரியாதுங்க." பதினைந்தாவது கட்டத்தில், செத்தால் மறுபடி கிடைக்கிற டாங்கிகளும் தம்பிக்குத் தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் ஆடினேன்.

"உங்கக்கா பயங்கரமா ஆடுறாங்க" என்றார் வந்தவர். பிறகு ரிமோட்டைக் குனிந்து பார்த்து, "அது என்னங்க, பட்டன் மேல வெள்ளியா?" என்று கேட்டார்.

"அலுமினியப் பவுடருங்க. கம்பெனியில ஒட்டுறது."

"கழுவக் கூடாதாக்கா? அசிங்கமா இருக்கு" என்றான் தம்பி.

முப்பத்தொன்றாவது கட்டம். இன்னும் நாலுதான். முப்பத்தைந்து முடிந்து மறுபடி ஒன்று வருவதை இவன் தன் கண்ணால் பார்க்க வேண்டும். ராஜாவும் இல்லை ஒருத்தனும் இல்லை என்று இவன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு இன்னொன்றையும் சொல்ல வைத்துவிடலாம் என்று எனக்கு நம்பிக்கை வந்திருந்தது.

"சரிக்கா, போதும். ஆனைக்குட்டம் டேம் பாக்கணும்னாரு, இருட்டிரும்" என்று சொல்லி எழுந்தவன், கையை நீட்டிச் சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டான்.

திரை கறுத்துப்போனது. வந்தவர், "அய்யோ, இருந்திருக்கலாமே" என்றார். தம்பி அதற்குள் வயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தான்.

"இத நான் கொண்டுபோறேங்க்கா. ஹால்ல கண்ணாடி ஷெல்ஃபு வச்சிருக்கேன், அதுல வைக்கப் போறேன். இப்பல்லாம் ஒரிஜினல் பெட்டி கிடைக்கிறது கஷ்டம்."

"குடுத்துவிடு புள்ள," என்றாள் அம்மா. "ஆசப்பட்டுக் கேக்கான். நீ இனி வச்சு என்ன செய்யப் போற?"

நான் கத்தவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். எங்கள் தெருவில் என் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. "நீங்க டேமப் பாத்துட்டு வாங்க. நான் கட்டி வைக்கேன்" என்றேன்.

கட்டுவது எனக்குத் தொழில். ஒரு பட்டாசு அட்டைப்பெட்டி எடுத்தேன். அடியில் காகிதம் போட்டேன். பெட்டியை வைத்தேன், கேசட்டைத் துணியில் சுற்றி வைத்தேன், வயரை மடித்து வைத்தேன், இரண்டாவது ரிமோட்டை அதன் வயரோடு சுருட்டி வைத்தேன். காலியாக இருந்த இடத்தில் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த லேபிள் தாளைக் கசக்கி அடைத்தேன். மூடி, டேப் ஒட்டி, கயிறு போட்டேன். குலுக்கிப் பார்த்தேன். ஒரு சத்தம் வரவில்லை. எதுவும் குறைகிறது என்று சொல்ல முடியாத கட்டு. சாயங்காலம் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

நாலு நாள் கழித்து போன் வந்தது.

"யக்கா, முத ரிமோட்டு எங்க? இதுல ரெண்டாவதுதான் இருக்கு."

"அத வச்சு ஆடு."

"இதுல ஸ்டார்ட் பட்டன் இல்லைக்கா. ஆட்டமே ஆரம்பிக்க மாட்டேங்குது."

"ஆமா, இல்ல. உனக்கு இப்பத்தான் தெரியுதாக்கும்?"

"விளையாடாதக்கா. பார்சல் போட்டு விடு" என்றான்.

"போடுறேன். நாளைக்குச் சாயங்காலம் நான் அம்மா வீட்டுல இருப்பேன். போனை ஸ்பீக்கர்ல போடுறேன். பெட்டி யாரு வாங்குனதுன்னு நீ அம்மாகிட்ட சொல்லு. மறுநாளே பார்சல் வரும்."

அவன் சிரித்தான். "இதுக்கா இம்புட்டு? நீ ஒரு ஆளுக்கா. சரி, சரி."

மறுநாள் சாயங்காலம் நான் அம்மா வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். போன் வரவில்லை. அம்மா என்ன விஷயம் என்று கேட்டாள், சும்மா வந்தேன் என்றேன். அந்த வாரமே அவன் அம்மாவுக்கு போன் பண்ணி, அக்காவிடம் ரிமோட்டைத் தேடச் சொல் என்று மட்டும் சொல்லியிருக்கிறான். அம்மா கேட்டபோது, எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் பேசும்போது, பரவாயில்லை, கம்ப்யூட்டரிலேயே ஆடிக்கொள்கிறேன், பெட்டி சும்மா பார்வைக்குத்தானே என்றான். போட்டோவும் அனுப்பினான். கண்ணாடி ஷெல்ஃபில் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் இரண்டாவது ரிமோட்டை அழகாகச் சுருட்டி வைத்திருக்கிறான். வந்து பார்ப்பவர்களிடம் அப்பா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கதையைச் சொல்லுவான். ராஜா டாங்கியும் வரும்.

முதல் ரிமோட் என் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. மேகம் மூடிய நாளில் நான் இப்போது துணி துவைக்கிறேன், அரிசி புடைக்கிறேன். வீட்டுக்காரர் பாவப்பட்டு, "மதுரையில அதே மாதிரிப் பெட்டி பாத்தேன், பெரிய விலை இல்ல, வாங்கியாரவா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். நான் ஒரு தடவை வாங்கிவிட்டேன்.